நடைவண்டிக்குப் பிரேக் வைத்த கதை

எங்கள் பாப்பாவுக்காக நானே மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி ஒருவழியாகச் சரியாகிவிட்டது. நன்றாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு ஓடாமல் இருக்க வேண்டுமோ அவ்வளவு ஓடாமல் இருக்கிறது. வழவழ டைல்ஸ் போட்ட வீட்டில், பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் வயதில் ஒரு குழந்தை இருந்து, டிரில்லும் ரம்பமும் ஓரளவு கைக்குப் பழகியவராக நீங்கள் இருந்தால், கீழே உள்ள அளவுகள் உதவலாம்.

பாப்பாவுக்குப் பதினோராம் மாதம் தொடங்கியபோது வீட்டில் நகர்த்தக்கூடிய எல்லாவற்றையும் தள்ள ஆரம்பித்தாள். முதலில் பிளாஸ்டிக் ஸ்டூல், அப்புறம் துணிக்கூடை, கடைசியில் சாப்பாட்டு மேஜை நாற்காலி. நாற்காலி டைல்ஸில் போடும் சத்தம் உறையூர் வரைக்கும் கேட்கும் என்று அத்தை சொல்வார். நாங்கள் இருப்பதே உறையூர்தான். கீழ்வீட்டுக்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மாடிப்படியில் பார்த்தால் முன்புபோலச் சிரிப்பதில்லை.

இதற்குள் சொந்தக்காரர் ஒருவர், நடுவில் உட்காரவைத்து விடும் வட்ட வாக்கர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். பாட்டுப் பாடும், விளக்கு எரியும் வகை. தடுப்பூசிக்குப் போனபோது குழந்தை மருத்துவரிடம் கேட்டோம். "அது வேண்டவே வேண்டாம்" என்றார். குழந்தை தன் காலில் நிற்காமலே வேகமாகப் போய்விடும், படி, சூடான பாத்திரம், மேஜை விரிப்பின் நுனி எல்லாம் கைக்கு எட்டிவிடும். கனடாவில் 2004-லேயே அந்த வகையை விற்கக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள். வாக்கர் இப்போது பரணில் இருக்கிறது. கொடுத்தவர் வரும்போது மட்டும் கூடத்துக்கு இறங்கும்.

நடைவண்டி வேறு. குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது, வேண்டாமென்றால் கையை விட்டுவிட்டு உட்காருகிறது. இதனால் சீக்கிரம் நடப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இவ அப்பா பத்து மாசத்துலயே நடந்தான்" என்று அத்தை தினமும் நினைவுபடுத்தினாலும், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தனியாக நடக்கத் தொடங்கும் வயது சுமார் 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்து கிடக்கிறது. அவள் நடக்கும்போது நடக்கட்டும். எனக்கு நாற்காலிச் சத்தம் நிற்க வேண்டும்.

முதலில் கைப்பிடி உயரம். வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே பார்த்தேன். 38 செ.மீ. உயரமுள்ள திவானைப் பிடித்து நிற்கும்போது இடுப்பு வளைந்து, எடை முழுவதும் கையில் விழுந்தது. 45 செ.மீ. ஸ்டூலைப் பிடித்தபோது முதுகு நேராக, முழங்கை லேசாக மடிந்து நின்றாள். நாற்காலி விளிம்புக்குக் கை தூக்க வேண்டியிருந்தது. ஆக 44 செ.மீ. அவள் உயரம் அப்போது 73. உங்கள் குழந்தைக்கு இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்டூலையும் தலையணையையும் அடுக்கி அவர்களையே நிற்கவைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மரத்துக்கு மரவாடிக்குப் போனேன். நிலை, சன்னல் செய்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். அளவு கேட்டால் கிடைக்காது, பொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டரை அங்குல அகலம், பத்து நூல் தடிமனில் சட்டங்கள் நாலைந்தும், ஆறு நூல் பலகை ஒன்றும் 350 ரூபாய்க்குக் கிடைத்தன. எட்டு நூல் ஓர் அங்குலம். அங்கே போய் மில்லிமீட்டரில் பேசினால் விலை கூடிவிடும் என்பது என் சந்தேகம்.

உடம்பு எளிமையானது. பின்னால் ஒரு குறுக்குச் சட்டம், அதன் நடுவிலிருந்து முன்னோக்கி ஒரு நீளச் சட்டம், இரண்டின் மேலும் பலகை. பின்சக்கர அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடையே 50 செ.மீ. கைப்பிடிக் கால்கள் பின் அச்சுக்கு நேர் மேலே இல்லாமல் 8 செ.மீ. முன்னால் தள்ளி நிற்கின்றன. குழந்தை தரையில் உட்கார்ந்தபடி கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் எழும். அந்த இழுப்பில் வண்டி பின்னால் சாய்ந்து அவள் மேலேயே விழாமல் இருக்க இது வேண்டும். இணைப்புகளில் அரைக்கு அரை வெட்டி (இரண்டு சட்டத்திலும் பாதித் தடிமனை எடுத்து ஒன்றின் மேல் ஒன்று மட்டமாக உட்காரவைத்து), ஃபெவிகால் தடவி, ஸ்க்ரூ முடுக்கி, தலையை மரத்துக்குள் இறக்கிவிட்டேன்.

இந்த வேலையின் உண்மையான சிக்கல் நேரம். டிரில் சத்தம் போட்டால் தூங்கும் பாப்பா எழுந்துவிடுவாள். எழுந்திருக்கும் பாப்பா டிரில்லைப் பிடிக்க வருவாள். அதனால் தூங்கும் நேரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது, அளவு குறிப்பது, பசை தடவுவது. சத்தமான வேலை எல்லாம் மொட்டை மாடியில், அவளை அத்தை தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும் சாயங்காலங்களில். ஸ்க்ரூவை எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் வைப்பேன். பொம்மைப் பாதுகாப்பு விதிகளில், 31.7 மி.மீ. விட்டமுள்ள சின்ன உருளைக்குள் முழுதாக அடங்கும் எதையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள். என் டப்பாவில் இருந்த அத்தனையும் அதற்குள் அடங்கும். ஒரு நாள் ஒரு வாஷர் குறைந்தது. கூடம் முழுக்கப் பெருக்கி, குப்பையைக் கையால் அளைந்து, கடைசியில் என் செருப்புக்குள் இருந்து எடுத்தேன். அதன் பிறகு வீட்டுக்குள் ஸ்க்ரூ டப்பா வருவதில்லை, மாடியிலேயே இருக்கும்.

முதல் சக்கரங்கள் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மூன்று அங்குல டிராலி வீல். உள்ளே பேரிங், வெளியே கெட்டி ரப்பர், மூன்றும் சேர்ந்து 240 ரூபாய். கையால் ஒரு சுண்டு சுண்டினால் வண்டி கூடத்தைக் கடந்து பூஜை அறை வாசல் வரை போனது. அப்படி ஒரு பெருமை எனக்கு. பாப்பாவை நிறுத்திக் கைப்பிடியைக் கொடுத்தோம். அவள் எடையைக் கையில் போட்ட அந்த நொடியில் வண்டி முன்னால் போய்விட்டது, அவள் கால் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே மெத்தை விரித்திருந்தோம், அதனால் அழுகையோடு போயிற்று. ஆனால் அதன் பிறகு இரண்டு நாள் வண்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யோசித்துப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. பழைய நடைவண்டி மண் தெருவிலும் சிமெண்டுத் திண்ணையிலும் ஓடியது. மரச் சக்கரம் மர அச்சில் உரசிக் கிறீச்சிட்டுக்கொண்டே நகரும். அந்த உரசல்தான் பிரேக். நான் அதையெல்லாம் எடுத்துவிட்டு, பேரிங்கும் போட்டு, கண்ணாடி மாதிரி தரையில் விட்டிருக்கிறேன்.

அதனால் கடைசல் பட்டறைக்குப் போனேன். பூரிக்கட்டை, கட்டில் கால், மத்து எல்லாம் கடையும் சின்னப் பட்டறை. அங்கிருந்த ஆசாரி சக்கரம் பற்றிக் கேட்கும் முன்பே வண்டியை வாங்கித் தரையில் வைத்தார். கைப்பிடியின் வலது நுனியில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினார். வண்டி பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"பாப்பா நடுவுலயா பிடிக்கும்? ஓரத்துலதாம்மா தொங்கும்" என்றார்.

பின்சக்கரங்களுக்கு இடையே நான் விட்டிருந்தது 36 செ.மீ., கைப்பிடி நீளம் 40. மூன்று சக்கர வண்டியில் சக்கரங்கள் தரையைத் தொடும் மூன்று புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள்தான் எடை விழ வேண்டும். கைப்பிடி நிற்கும் இடத்தில் அந்த முக்கோணத்தின் அகலம் வெறும் 30 செ.மீ. இரண்டு பக்கமும் ஐந்தைந்து செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சக்கர இடைவெளி 48 வரும்படி புதிதாக வெட்டினேன். அப்போது கைப்பிடிக்கு நேரே அகலம் 40. கைப்பிடியை 34 ஆகக் குறைத்தேன். சக்கரத்தின் வெளிப்புறம் வரை அளந்தால் மொத்தம் 52 செ.மீ. வருகிறது, இரண்டரை அடிக் கதவில் தாராளமாக நுழையும். இதற்கு மேல் அகலப்படுத்தினால் வீட்டுக்குள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும்.

சக்கரங்களை வேப்பங்கட்டையில் கடைந்து கொடுத்தார். விட்டம் 10 செ.மீ., தடிமன் 32 மி.மீ. வெளிப்பக்கம் 30 மி.மீ. அகலத்துக்கு 15 மி.மீ. ஆழம் குடையச் சொன்னேன், நட்டு அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும், சுவரையும் காலையும் கீறாது. கட்டையோடு சேர்த்து ஒரு சக்கரம் 120 ரூபாய். கைப்பிடியையும் அங்கேயே 25 மி.மீ. உருளையாகக் கடைந்து வாங்கினேன், பாப்பாவின் விரல்கள் சுற்றிப் பிடிக்க அதுதான் வாகு. அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 12 மி.மீ. போல்ட், 75 மி.மீ. நீளம், பாதி மட்டும் மரை உள்ளது. முழுக்க மரை உள்ளதை வாங்கினால் மரையே மரத்தை அரித்துவிடும். போல்ட் தலையைச் சட்டத்தின் உட்பக்கம் அறுகோணமாகக் குடைந்து இறக்கிவிட்டேன், அதனால் போல்ட் சுற்றாது. சக்கரத்தின் இரண்டு பக்கமும் தோல் வாஷர், கணவரின் பழைய பெல்ட்டிலிருந்து வெட்டியது. மேலே இரும்பு வாஷர், அதற்கு மேல் உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு. சாதா நட்டு போட்டால் சக்கரம் சுற்றச் சுற்றத் தானாகவே தளர்ந்துவிடும். இந்த நட்டை இறுக்கினால் தோல் சக்கரத்தை அழுத்தும், தளர்த்தினால் விடும். இதுதான் பிரேக்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்குப் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைப் பயன்படுத்தினேன். கைப்பிடியில் கொக்கியை மாட்டி, கிடையாக மெதுவாக இழுத்து, வண்டி நகரும்போது என்ன காட்டுகிறது என்று பார்ப்பது. டிராலி வீல் இருந்தபோது 200 கிராமுக்குள்ளேயே நகர்ந்திருந்தது. இப்போது ஒரு கிலோ வரட்டும் என்று இறுக்கினேன். 700 கிராம் தாண்டியதும் வேறொன்று நடந்தது: சக்கரம் சுற்றாமலே வண்டி டைல்ஸில் வழுக்கிக்கொண்டு வந்தது. மரத்துக்கும் டைல்ஸுக்கும் பிடிப்பே இல்லை. பேரிங் போனால் போதும் என்று நினைத்திருந்தேன், தரையும் கூட்டுச் சேர்ந்து சதி செய்கிறது.

பிடிப்புக்கு ரப்பர் வேண்டும். பஞ்சர் கடையில் கிழிந்த ஸ்கூட்டர் டியூப் ஒன்று கேட்டேன், சும்மாவே கொடுத்தார். சைக்கிள் டியூப் இதற்கு ஒல்லி, இழுத்தாலும் 10 செ.மீ. சக்கரத்தில் ஏறாது. ஸ்கூட்டர் டியூப்பைக் குறுக்காக மூன்றரை செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் வளையம் கிடைக்கும். உள்ளே பவுடர் பூசியிருக்கும், சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் உட்புறத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டினால் பசை பவுடரில்தான் ஒட்டும். பஞ்சர் பசையை இரண்டு பக்கமும் தடவி, பளபளப்பு மங்கும் வரை பொறுத்து, இழுத்து ஏற்ற வேண்டும். ஏற்றும்போது இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் சக்கரத்தைத் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு, இன்னொருவர் கரண்டிக் காம்பை விட்டு நெம்ப வேண்டும். விளிம்பில் மிஞ்சுவதை பிளேடால் நறுக்கிவிடலாம்.

ரப்பர் பின்சக்கரம் இரண்டுக்கும் மட்டும்தான். முன்சக்கரத்தை வெறும் மரமாகவே விட்டுவிட்டேன், முதலில் டியூப் போதாததால், பிறகு காரணத்தோடு. முன்சக்கரம் திரும்பும் அமைப்பு இல்லாத வண்டி இது. பாப்பா ஒரு கையால் அதிகமாகத் தள்ளும்போது முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிக் கொடுக்கிறது, வண்டி தானாகத் திரும்புகிறது. அதிலும் ரப்பர் இருந்தால் நேராகத்தான் போகும்.

அடுத்தது எடை. வண்டி மூன்று கிலோகூட இல்லை, பாப்பா ஒன்பது கிலோ. இழுத்து எழும்போது முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. தாத்தாவின் மளிகைக் கடையிலிருந்து வந்த 2 கிலோ இரும்பு எடைக்கல் ஒன்று வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பலகைக்கு அடியில் பொருத்திவிடலாம் என்று திருப்பிப் பார்த்தபோதுதான் அடியில் இருந்த வெள்ளி நிறப் பொட்டு கண்ணில் பட்டது. எடைக்கல்லில் முத்திரை குத்துவதற்காக ஒரு குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். பார்ப்பதையெல்லாம் நக்கிப் பார்க்கும் வயதில் ஈயமா? எடைக்கல் அன்றே பரணுக்குப் போய்விட்டது, கதவுக்கு இப்போது செங்கல். பழைய இரும்புக்கடையில் 50 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமனுள்ள பட்டையில் 25 செ.மீ. துண்டு இரண்டு வெட்டி வாங்கினேன். இரண்டும் சேர்ந்து சுமார் 2.35 கிலோ, 140 ரூபாய். பலகையின் அடியில், முன்சக்கரத்துக்குப் பக்கமாக. அதன் பிறகு முன்பக்கம் எழவில்லை. தராசிலும் ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோவுக்குச் சக்கரம் வழுக்காமல் சுற்றியது.

அதே ஈயப் பயத்தால்தான் பெயிண்டும் அடிக்கவில்லை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. என்னிடம் மிச்சம் இருந்த எனாமல் டப்பா எந்தக் காலத்தது என்று டப்பாவுக்கே தெரியாது. வெறும் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்றார் அத்தை. ஒரு துண்டில் தேய்த்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் காய்கிற எண்ணெய் இல்லை, பிசுக்கென்று இருந்து தூசியைச் சேர்த்தது. நாட்டு மருந்துக்கடையில் தேன்மெழுகு கிடைக்கும். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு அதே தேங்காய் எண்ணெய், கிண்ணத்தில் போட்டு வெந்நீரின் மேல் உருக்கி, ஆறிய களிம்பைத் துணியால் தேய்த்து, மறுநாள் துடைத்தேன். அதற்கு முன் 80, 120, 220 என்று மூன்று உப்புத்தாள். கைப்பிடியை மட்டும் 320 வரை கொண்டுபோனேன், வாய் வைக்கப்போவது அங்கேதான் என்று தெரியும். வைத்தாள்.

ஒரு விஷயம் கடைசி நேரத்தில் மாறியது. அவள் வளர வளரக் கைப்பிடியை உயர்த்தலாம் என்று கால்களில் 8 மி.மீ. துளை மூன்று மூன்றாகப் போட்டு வைத்திருந்தேன். வண்டியைப் பார்க்கக் கொடுத்ததும் அவள் தள்ளவில்லை. குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு துளையாக விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது துளையில் விரல் முதல் கணு வரை போய், திரும்ப வரும்போது தோல் சுருங்கி ஒரு கணம் நின்றது. அவளுக்குத் தெரியவில்லை, எனக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்கே மூங்கில் குச்சியைச் சீவி, பசை தடவி, அடித்து, மட்டமாக அறுத்து எல்லாத் துளையையும் அடைத்தேன். உயர்த்த வேண்டிய காலம் வந்தால் புதுத் துளை போட்டுக்கொள்ளலாம்.

செலவு: மரம் 350, சக்கரம் 360, இரும்பு 140, போல்ட், நட்டு, வாஷர் 130, ஸ்க்ரூ 60, உப்புத்தாள் 60, தேன்மெழுகு 110. ஆக 1,210 ரூபாய். வீணாய்ப்போன டிராலி வீலையும் சேர்த்தால் 1,450. டியூப், பெல்ட், டிரில், ஃபெவிகால் எல்லாம் வீட்டில் இருந்தவையும் சும்மா வந்தவையும். இந்த விலைக்கு அழகான வண்டி கடையிலேயே கிடைக்கும் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கடையில் வாங்குவதாக இருந்தாலும் கொக்கித் தராசையோ, குறைந்தபட்சம் ஒரு விரலையோ கொண்டுபோங்கள். கைப்பிடி நுனியை அழுத்திப் பாருங்கள், கடைக்காரரின் டைல்ஸ் தரையில் விட்டுத் தள்ளிப் பாருங்கள்.

பாப்பா இப்போது காலையில் பால் குடித்த கையோடு வண்டிக்குப் போகிறாள். தள்ளுவதைவிடச் சுமப்பதில்தான் ஆர்வம். பலகை மேல் பூண்டு, என் சார்ஜர், ஒற்றைச் செருப்பு என்று ஏற்றிக்கொண்டு சமையலறையிலிருந்து கூடத்துக்குப் போகிறாள். சுவரில் முட்டி நின்றால் திருப்பத் தெரியாமல் கத்துவது மட்டும் இன்னும் இருக்கிறது. நாற்காலியை யாரும் தொடுவதில்லை. வண்டியின் கடகடச் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்று நான் போய் விசாரிக்கவில்லை.

மறுபடி செய்தால் பலகைக்கு அரை அங்குல உயரத்தில் ஒரு விளிம்பு வைப்பேன், பூண்டு உருண்டு விழாமல் இருக்க. சுவரில் முட்டுகிற முன்பக்க மூலையில் ஒரு துண்டு ரப்பர் ஒட்டுவேன், சுண்ணாம்பு ஏற்கெனவே மூன்று இடத்தில் பெயர்ந்திருக்கிறது. சக்கரத்தை வேம்புக்குப் பதிலாக இன்னும் கெட்டியான மரத்தில் கடையச் சொல்வேன். தோல் அழுத்துகிற இடத்தில் வேம்பு லேசாகக் குழிந்து, இறுக்கம் தானாகக் குறைகிறது. வாரம் ஒருமுறை தராசு போட்டுப் பார்த்து நட்டைக் கால் சுற்று முடுக்க வேண்டியிருக்கிறது. குழிக்குள் இருக்கும் நட்டுக்கு 19-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பானர் வேண்டும். அது நேற்று வரை மாடியில்தான் இருந்தது. இன்று காலை வண்டியில் ஏற்றப்பட்டதாக அத்தை சொல்கிறார், எங்கே இறக்கப்பட்டது என்று தெரியவில்லை.